கைமாற்று

பார்த்தாங் பள்ளத்தாக்கில் கோபுரம் சரிந்து
இது ஒன்பதாவது வாரம்.
பனிச்சரிவு கொண்டுபோனதைத் தேடி
யாரும் இன்னும் ஏறவில்லை.

ருஷானில் ஓர் அறை, ஒரு மின்னடுப்பு, நான்.
கைபேசிகள் வழியில் ஒன்றையொன்று கண்ட கணங்கள்
பை மாறிப் பை மாறி இங்கே வந்து
வரிவரியாய் என் திரையில் இறங்கும்,
நாலு நாள் பிந்தி.
சில சமயம் பதினொன்று.

விதிகளை எழுதியவள் நான்தான்.
எல்லாரிடமும் எல்லாவற்றையும் கொடுக்காதே:
கிடங்கு நிரம்பும், மின்கலம் குளிரில் சாகும்.
ஒரு செய்திக்கு ஆறு பிரதி.
ஊரெல்லாம் பார்ப்பவனிடம் மூன்றைக் கொடு,
ஒருவரையும் பார்க்காதவனைத் தாண்டிப் போ.
இருபது நாளில் சேராதது
தானே அழியட்டும்.

மாவு லாரி ஷோதிமாமுக்கு
முழு மதிப்பெண். கதவுக்குக் கதவு நிறுத்துவான்,
உப்புத் தேநீர் குடிக்காமல் கிளம்ப மாட்டான்.
அடுத்து, தடுப்பூசிப் பெட்டி சுமக்கும் சவ்சன்.
கடைசியில் ஒதினமமாத்,
பூஜ்யத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன்.
மேல்பட்டியில் கவரிஎருது மேய்ப்பவன்.
அண்ணன் நெக்கதமோடு பேச்சு அறுந்து ஏழு வருடம்.
நானூறு சோமோனி கைமாற்று.
வரவில்லை என்கிறான் ஒருவன்,
தந்தாயிற்று என்கிறான் மற்றவன்.
பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்.

பிப்ரவரி நடுவில்
கீழூரிலிருந்து ஒரு குரல் பதிவு கிளம்பியது.
நாற்பத்தொரு கிலோபைட்.
உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது,
பூட்டிய உறை.
வெளியே பெயர் மட்டும்: குல்பேகிம், மேல்பட்டி.

மூன்று பிரதியோடு லாரி
சரிவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.
சவ்சனின் கைபேசி மைனஸ் இருபத்திரண்டில் அணைந்தது.
பள்ளி ஆசிரியர் தங்கை கல்யாண வீடியோவுக்கு இடம் வேண்டி
எதை அழிக்கிறோம் என்று பாராமல் அழித்தார்.
ஆறாவது
நெக்கதமின் சட்டைப்பையில்,
பதினாறு நாளாக,
அவன் அறியாமல், அல்லது அறிந்து.

பதினேழாம் நாள், கம்பிப் பாலம்.
எதிரே தம்பி.
என் விதிப்படி அங்கே எதுவும் நடந்திருக்கக் கூடாது.
கடைசிப் பிரதியைக் குறைந்த மதிப்பெண்காரனிடம்
கைபேசி தானாகத் தராது.
ஆனால் ஒரு பொத்தான் வைத்திருந்தேன்,
‘கையால் ஒப்படை’ என்று,
சும்மா ஒரு பேச்சுக்கு.
இரண்டு வருடத்தில் யாரும் தொட்டதில்லை.
பதிவேட்டில் அது அழுத்தப்பட்டிருக்கிறது.
எதிர்ப்பக்கம் ‘வாங்கிக்கொள்’ அழுத்தப்பட்டிருக்கிறது.
அந்தக் குளிரில்
இரண்டு பேர் கையுறை கழற்றியிருக்கிறார்கள்.

நாற்பத்தொரு கிலோபைட் போய்ச்சேர
ஒன்றரை நொடி போதும்.
தொடர்பு நீண்டது நாலு நிமிடம் பத்து நொடி.
மிச்ச நேரத்துக்கு
என் அட்டவணையில் கட்டம் இல்லை.

பத்தொன்பதாம் நாள் செய்தி சேர்ந்தது.
‘கிடைத்தது’ என்ற சின்ன ரசீது கீழே இறங்கி,
லாரியில் முடங்கிய மூன்றையும்
துடைத்துவிட்டு என்னிடம் வந்தது.
மின்னடுப்பை அணைத்தேன், மறுபடி போட்டேன்.
ஒதினமமாதின் எண்ணை மாற்றக் கை போனது.
எவ்வளவு என்று போடுவது?
மேல்பட்டிக்குப் போகிறவன் அவன் ஒருவன்தான்;
நான் கணக்கிட்டதோ
எத்தனை பேரைப் பார்க்கிறான் என்று.

அடுத்த வாரப் பதிவு நேற்று வந்தது.
அதே பாலம், அதே இருவர்.
ஒன்பது நொடி.
மாற்ற எதுவும் இல்லை.
நானூறு சோமோனி
இன்னும் அங்கேதான் நிற்கிறது போல.